பதினான்காம் கேள்வி

மனிசாலெஸ்,
ஜனவரி 18, சனிக்கிழமை

அன்புள்ள மார்லெனிக்கு,

நான் நலம். நீ நலம் என்பதை உன் குரல் செய்திகளிலிருந்து தெரிந்துகொள்கிறேன். ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று வருகின்றன. அவற்றில் பாதி, அழுகின வெங்காயத்துக்காக நீ யாரோ ஒரு சிலேக்காரரோடு போடும் சண்டை. ஒரு வரி எழுதி அனுப்பக் கூடாதா என்று போன மாதம் கேட்டேன். "எழுதறதெல்லாம் படிச்சவங்க வேலை. எனக்குக் கடவுள் வாயைக் கொடுத்திருக்காரு" என்றாய். சரி. எனக்கு அந்த வாயைக் கொடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன். உன் சித்தி மகன் ஆர்லெஸ் செவ்வாய்க்கிழமை சிலேக்கு, உன் அந்தோஃபகஸ்தாவுக்கு, விமானம் ஏறுகிறான். நீ கேட்ட கொய்யாப்பழக் கட்டி இரண்டு பெட்டி, காப்பிப் பொடி, நான்கு கட்டி வெல்லம் எல்லாம் பொட்டலம் கட்டிவிட்டேன். இந்தக் கடிதமும் அதனுள்ளே வரும்.

இங்கே ஊரின் ஜனவரி விழா முடிந்துவிட்டது. ஊர் முழுக்கத் தலைவலியோடு வேலைக்குத் திரும்பியிருக்கிறது. எரிமலை மூன்று நாளாகப் புகைகிறது. கொடியில் போட்ட துணியெல்லாம் சாம்பல் படிந்து, அம்மா அதற்கும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

என் வேலைச் செய்தி உனக்குப் பாதி தெரியும். டிசம்பர் பதினைந்தாம் தேதி வழக்கம்போல என் ஒப்பந்தம் முடிந்தது. அடையாள அட்டைக்கு ஆரஞ்சுக் கயிறு தந்த ஏஜென்சி எனக்கு ஒரு நன்றிக் கடிதமும் ஒரு காலண்டரும் தந்து அனுப்பிவைத்தது. ஜனவரியில் பால் ஆலை புதிய ஏஜென்சிக்கு மாறியிருக்கிறது. இந்த வருடக் கயிறு பச்சை. உன் கணக்கில் நீலம், சிவப்பு, மறுபடி நீலம், மஞ்சள், ஆரஞ்சு. என் கணக்கில் இது ஆறாவது. அதே மேசை, அதே நுண்ணோக்கி, என் நாற்காலிக்கு அதே ஒடிந்த கை. ஆனால் காகிதத்தில் நான் பால் என்றால் என்னவென்றே தெரியாத புதியவள். அம்மா இந்த முறை அழவில்லை. "பதினோரு வருஷமா உன்னைத் தூக்கறாங்க. ஒரு தடவையாவது ஒழுங்கா தூக்கத் தெரியுதா அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

ஆகவே எல்லாம் முதலிலிருந்து. காது பரிசோதனை, கண் பரிசோதனை, எடை. எடையைப் பற்றி நீ கேட்கவேண்டாம். பிறகு அந்தப் படம். மழையில் நிற்கும் ஒரு மனிதரை வரையவும். குடை போட்டால் பொறுப்பானவள், போடாவிட்டால் சிக்கலானவள் என்பது ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் ஒரு மனநல நிபுணர் ரகசியத்தைக் காப்பதுபோல அந்தத் தாளை நீட்டுகிறார். நீ ஒரு முறை ஆளையே வரையாமல் ஒரு வீட்டை வரைந்து, "அவ புத்திசாலி, உள்ள இருக்கா" என்று எழுதிக் கொடுத்ததை நினைத்துக்கொண்டேன். நான் இந்த முறையும் குடைதான் வரைந்தேன். குடை ஏன் இடது கையில் இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். வலது கைக்கு வேறு வேலை இருக்கிறது என்றேன். குறித்துக்கொண்டாள்.

அதன் பிறகு இரண்டு நாள் அறிமுக வகுப்பு. இங்கேதான் நீ சிரிக்கப்போகிறாய். மார்லெனி, நான் தேர்வில் தோற்றுப்போய்விட்டேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

வகுப்பு எடுத்தவர் வில்மார் என்பவர், பச்சை ஏஜென்சிக்காரர். நாற்பது வயதிருக்கும். நல்ல மனிதர், ஆனால் கைதட்டச் சொல்வார். எழுந்து நின்று பெயரைச் சொன்னால் கைதட்டல், கழிவறை எங்கே என்று தெரிந்துகொண்டால் கைதட்டல். நாங்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் நிஜமாகவே புதியவர்கள். வில்மார் திரையில் காட்டிய பக்கங்கள் எல்லாம் பதினோரு வருடத்துக்கு முன் நான் தயாரித்தவை. அந்த அசிங்கமான ஊதா எழுத்துகூட மாறவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரியும்தானே உனக்கு.

பிறகு காஸ்டிக் சோடா பக்கம் வந்தது. அதில் நீ இருந்தாய்.

தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, வினிகர் பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, பல் தெரியச் சிரிக்கிறாய். அந்தப் படத்தை நான்தான் எடுத்தேன், நினைவிருக்கிறதா? கீழே ஊதா எழுத்தில்: "தோலில் காஸ்டிக் பட்டால் முதலில் வினிகர்." வில்மார் திரையைத் தட்டி, "பாருங்க, இந்த அம்மா எவ்வளவு நிம்மதியா சிரிக்கறாங்க! ஏன்? வழிமுறை தெரிஞ்சவங்க. அவங்களுக்கு ஒரு கைதட்டு!" என்றார். எட்டுப் பேரும் உனக்குக் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

தேர்வு கம்ப்யூட்டரில். இருபது கேள்விகள். அதில் சில உயிர் காக்கும் கேள்விகளாம். அவற்றில் ஒன்று தவறினாலும் மொத்தமும் போயிற்று. வியாழக்கிழமை திரை சிவந்தபோது எங்கோ கை தவறி அழுத்திவிட்டேன் என்று நினைத்தேன். எல்லோரும் வெளியே போய்க் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் உள்ளே, காதெல்லாம் சூடாக. நேற்று மறுபடி எழுதினேன், மறுபடி சிவப்பு. இந்த முறை எது தவறு என்று காட்டியது. பதினான்காம் கேள்வி. காஸ்டிக் தோலில் பட்டால் முதலில் என்ன செய்வாய்? நான் குறித்தது, ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். கம்ப்யூட்டருக்கு வேண்டியது வினிகர்.

போன மார்ச்சுக்குப் பிறகு அந்த வழிமுறையை நான் திருத்திவிட்டேன், மார்லெனி. ஏப்ரலிலேயே. லேப் கோப்பில் தண்ணீர் என்றுதான் இருக்கிறது. ஆனால் தேர்வு லேப்பில் இல்லை, ஏஜென்சியில் இருக்கிறது. பச்சை ஆரஞ்சிடமிருந்து நகலெடுத்தது, ஆரஞ்சு மஞ்சளிடமிருந்து. நாமெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை வெளியே போய் உள்ளே வருகிறோம். தவறு மட்டும் எந்த ஏஜென்சியிலும் வேலை இழப்பதில்லை.

மூன்று முறைதான் எழுதலாம். திங்கட்கிழமை மூன்றாவது. அதிலும் தோற்றால் என் அடையாள எண் ஆறு மாதத்துக்குப் பூட்டப்படும். லேப்புக்கு வேறு ஆள் வந்துவிடும். நாற்பத்தொன்பது வயதில் ஆறு மாதம் கழித்து யார் கூப்பிடுவார்கள்? வில்மார் என்னைத் தனியே அழைத்து மெதுவாகச் சொன்னார்: "இன்ஜினியரம்மா, எதுக்கு வம்பு? வினிகர்னு ஒரு அழுத்து அழுத்திட்டு உள்ள போங்க. உள்ள போய் உங்க இஷ்டப்படி தண்ணியில குளிச்சாலும் யாரு கேக்கப் போறா?"

நியாயமாகத்தான் படுகிறது. ஒரு அழுத்து. அம்மாவும் அதையே சொல்கிறாள். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். "அழுத்துடி, அழுத்திட்டு வா, சூடா பன்யுவேலோ உருண்டை சாப்பிடலாம்" என்பாய். நீ எதையும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அல்லது எடுத்துக்கொள்ளாததுபோல இருப்பாய். எது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

உறையை ஒட்டாமல் வைக்கிறேன். திங்கட்கிழமை மாலை மீதியை எழுதுகிறேன்.


ஜனவரி 20, திங்கள்

மார்லெனி,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நான் வினிகரை அழுத்தவில்லை. இனி வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் பேருந்திலிருந்து இறங்கும்போது அழுத்திவிடுவதாகத்தான் இருந்தேன். நீ என்னைக் கோழை என்று சொன்னதில்லை, நானே சொல்லிக்கொள்கிறேன். கேட்டில் நம் கொன்சாலோதான் நின்றான். அவன் ஏஜென்சி வேறு, தெரியுமே, காவலாளிகளுக்குத் தனி ஏஜென்சி. "என்ன இன்ஜினியரம்மா, மூணாங்கிளாஸ்ல ஃபெயிலாமே? என் பொண்ணு சாயங்காலம் டியூஷன் எடுக்கறா, சொல்லட்டுமா?" என்றான். ஆலை முழுக்கச் செய்தி பரவியிருக்கிறது.

கேட்டை ஒட்டிய வகுப்பறையில் எட்டுப் பேரும் இருந்தார்கள். அவர்கள் தேறிவிட்டவர்கள், கார்டுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் தெய்சி என்றொருத்தி. நெய்ரா ஊர்க்காரி, முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள். எந்தப் பிரிவு என்று கேட்டேன். குழாய் கழுவும் பிரிவு, இரண்டாம் ஷிஃப்ட் என்றாள். உன் இடம். நகத்தைக் கடித்துக்கொண்டு தனக்குள் ஏதோ முணுமுணுத்தாள். என்னவென்று கேட்டேன். "மறந்துடக் கூடாதுல்ல அக்கா, அதான். பட்டா வினிகர், பட்டா வினிகர். அலமாரி கிடங்குக்குப் பக்கத்துல, சாவி கிடங்குக்காரர்கிட்ட. சரிதானே?" என்றாள்.

சரிதான். எழுத்துக்கு எழுத்து சரி. மார்ச்சில் நீ அப்படித்தான் செய்தாய். தண்ணீர்க் குழாய் உன் முழங்கைக்கு இரண்டடியில் இருந்தது. நீ கையைப் பிடித்துக்கொண்டு, சாவிக்காக முற்றம் முழுக்க ஓடினாய். விதி அதுவென்று நான் எழுதியிருந்ததால்.

நான் எழுந்து நின்றேன். வில்மார் யாரோ பெயர் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்துக் கைதட்டத் தயாரானார். அவரிடம் அந்தப் படத்தைத் திரையில் போடச் சொன்னேன். போட்டார். நீ சிரித்துக்கொண்டு வந்தாய். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெய்சி பிறகு சொன்னாள்: "மாதா கோயில்ல படிக்கற மாதிரி இருந்துச்சுக்கா."

சொன்னது இவ்வளவுதான். இந்தப் பக்கத்தை எழுதியது நான். காரத்தை அமிலம் முறிக்கும் என்று பல்கலைக்கழகத்தில் படித்த பெருமையில் எழுதினேன். அது சோதனைக் குழாய்க்குச் சரி, மனிதக் கைக்குச் சரியில்லை. முதலில் தண்ணீர், உடனே தண்ணீர், யாரிடமும் சாவி கேட்காத தண்ணீர். படத்தில் இருப்பவள் பெயர் மார்லெனி. அவள் இதில் எழுதியிருப்பதை அப்படியே செய்தாள். அதனால் அவளுக்கு வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தழும்பு இருக்கிறது.

யாரும் கைதட்டவில்லை. அது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

பிறகு உட்கார்ந்து மூன்றாவது தேர்வை எழுதினேன். பதினான்காம் கேள்வியில் தண்ணீரை அழுத்தினேன். திரை சிவந்தது. "உங்கள் எண் பூட்டப்பட்டது" என்று வந்தது. வில்மார் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ இன்ஜினியரம்மா, கண்ணு முன்னாடியே குதிச்சிட்டீங்களே!" என்றார். ஆனால் ஓடிப்போய் ஃபோனை எடுத்தவரும் அவர்தான். அரை மணி நேரம் யார் யாரிடமோ கத்தினார். கைதட்டச் சொல்கிறவர்களை இனிமேல் அவ்வளவு சுலபமாக எடைபோடக் கூடாது.

கடைசியில் இன்ஜினியர் ஒஸ்ஸா வந்தார். நிரந்தரக்காரர், ஆலையின் பாதுகாப்புத் தலைவர். அவரைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. லேப் கோப்பைக் கொண்டுவந்து, ஏப்ரல் திருத்தத்தைத் திறந்தார். தண்ணீர் என்று இருந்தது. தேர்வுத் தாளை மாற்ற அந்தத் திருத்தத்தைத் தயாரித்தவர் கையெழுத்து வேண்டும். 'தயாரித்தவர்' கட்டத்தைப் பார்த்தார். நம்முடைய எல்லாக் காகிதங்களிலும் இருப்பதுபோலத்தான் அங்கும் இருந்தது: தற்காலிகப் பணியாளர்.

"இது யாரு?" என்றார்.

நான்தான் என்றேன்.

"நீங்க இப்ப யாருமே இல்லையே. எண் பூட்டியிருக்கு. உள்ள விட முடியாது, கையெழுத்தும் வாங்க முடியாது" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே யோசித்துக்கொண்டு சொன்னார். அப்போது கொன்சாலோ கேட்டிலிருந்து எட்டிப்பார்த்து, "பார்வையாளரா விட்டுடலாமே, தலைவரே. அதுக்கு எண் எதுக்கு?" என்றான்.

அப்படியாக, பதினோரு வருடத்தில் முதல் முறையாக நான் அந்த ஆலைக்குள் பார்வையாளராக நுழைந்தேன். சட்டையில் மஞ்சள் ஸ்டிக்கர். மார்லெனி, பார்வையாளர்களுக்குப் பீங்கான் கோப்பையில் காப்பி தருகிறார்கள். தட்டோடு! சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். "ஒரு பிஸ்கட்டும் எடுத்துக்கங்க, நாளைக்குத் திரும்பக் கூலியாள் ஆயிடுவீங்க" என்று கொன்சாலோ காதருகில் சொன்னான். இரண்டு எடுத்துக்கொண்டேன்.

திருத்தப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. மாற்றத்துக்கான காரணம். ஏப்ரலில் நான் அதில் "பொதுவான புதுப்பிப்பு" என்று எழுதியிருந்தேன். அந்த இரண்டு வார்த்தையைப் பீங்கான் கோப்பையோடு உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தேன்.

விபத்து அறிக்கையை ஒஸ்ஸா வாசித்த அன்று அந்த அறையில் நான் இருந்தேன். அதை நீ என்னிடம் ஒருபோதும் கேட்டதில்லை. "பணியாளரின் கவனக்குறைவு" என்று அவர் வாசித்தபோது நான் என் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதம் பாக்கி இருந்த என் ஒப்பந்தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூனில் உன் ஒப்பந்தம் "இயல்பாக" முடிந்தபோது உனக்கு ஒரு கேக் வாங்கி வந்தேன். நீ அதை இடது கையால் வெட்டினாய், அத்தனை பேரையும் சிரிக்கவைத்தாய்.

இன்று அந்தக் கட்டத்தில் இப்படி எழுதினேன்: "முந்தைய வழிமுறை தவறானது. பணியாளர் மார்லெனி கார்தோனா அதைச் சரியாகப் பின்பற்றினார். காயத்துக்குக் காரணம் வழிமுறையே. அவருடைய கவனக்குறைவு அல்ல." தயாரித்தவர் கட்டத்தில் 'தற்காலிகப் பணியாளர்' என்பதை அடித்துவிட்டு என் முழுப் பெயரை எழுதினேன்.

ஒஸ்ஸா இரண்டு முறை படித்தார். "இதெல்லாம் இங்க வேணுமா? தண்ணின்னு மாத்தினா போதுமே" என்றார். வேண்டும் என்றேன். "உங்க கார்டு இன்னும் அடிக்கலை, ஞாபகம் இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில் நான் என் இரண்டாவது பிஸ்கட்டை முடித்தேன்; வேறென்ன செய்வது? பிறகு அவர் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று எனக்குத் தெரியாது. மனசாட்சி என்று நினைத்துக்கொள்ள ஆசைதான். அடுத்த வாரம் தணிக்கை வருகிறது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மீதியை நீ இருந்து பார்த்திருக்கவேண்டும். வில்மார் பதினான்காம் கேள்வியின் விடையை மாற்றினார். மாற்றியதும் கம்ப்யூட்டர் எல்லாத் தேர்வுகளையும் தானாகவே மறுபடி திருத்திவிட்டது. எனக்கு இருபதுக்கு இருபது. பூட்டும் கழன்றது. வினிகர் என்று எழுதித் தேறியிருந்த எட்டுப் பேரும் ஒரே நொடியில் சிவப்பு! அறையில் எழுந்த கூச்சல் அந்தோஃபகஸ்தா வரை கேட்டிருக்கும். "அக்கா, நல்லா இருப்பீங்களா நீங்க? மூணு மணிக்குப் பஸ்சு எனக்கு!" என்று தெய்சி கத்தினாள். எட்டுப் பேரும் மறுபடி உட்கார்ந்து எழுதினார்கள். எல்லோரும் தேறினார்கள். பஸ்சைப் பிடிக்க ஓடும்போது தெய்சி வாசலில் திரும்பிப் பார்த்து, "தண்ணி, தண்ணி, தண்ணி!" என்று என்னைப் பார்த்துக் கையாட்டிவிட்டுப் போனாள். அந்த ஒன்றுக்கு நானே கைதட்டினேன். வில்மாருக்குக் கண் கலங்கிவிட்டது.

நாளை காலை ஆறு மணி ஷிஃப்டுக்குப் பச்சைக் கயிற்றோடு போகிறேன். பெரிய மாற்றம் வந்துவிட்டதாக நினைக்காதே. டிசம்பரில் மறுபடி காலண்டர் தருவார்கள், ஜனவரியில் மறுபடி மழையில் ஒரு மனிதர். என்னை நிரந்தரமாக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கோப்பில் இப்போது ஒரு பக்கத்தில் இரண்டு பெண்களின் பெயர் இருக்கிறது. நம் வரிசையில் வந்தவர்கள் யாருடைய பெயரும் அங்கே இருந்ததில்லை. உன் படத்தை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்று வில்மாரிடம் கேட்டுக்கொண்டேன். கையில் பாட்டிலுக்குப் பதில் தண்ணீர்க் குழாய் இருப்பதுபோல் மாற்றித் தருவதாகச் சொல்கிறார். அவர் கைவேலையைப் பார்த்தால் நீ தீயணைப்புப் படையில் சேர்ந்ததுபோல இருக்கப்போகிறது.

படிவத்தின் ஒரு நகல் கொய்யாப்பழக் கட்டிக்கு அடியில், பெட்டியின் அடிப்பக்கம் இருக்கிறது. கட்டியைத் தின்று முடித்த பிறகு பார்த்தால் போதும், அவசரமில்லை. அதை என்ன செய்வது என்பது உன் விருப்பம். அங்கே யாராவது வக்கீலிடம் காட்டலாம், அல்லது அரேப்பா ரொட்டியைச் சுற்றிக் கொடுக்கலாம். நான் எதுவும் சொல்லமாட்டேன்.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள். மாதா உன்னைக் காக்கட்டும், அடுப்பங்கரையில் எண்ணெய் தெறித்தால் முதலில் தண்ணீரில் கையை நீட்டு என்றாள். இப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் நிபுணர்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறுக்காதே. இந்த முறை குரல் அனுப்பவேண்டாம். ஆர்லெஸ் பிப்ரவரியில் திரும்பும்போது ஒரு தாளில் ஒரு வரி எழுதி அனுப்பு. என்னைத் திட்டி எழுதினாலும் சரி. எழுத எதுவும் இல்லையென்றால் உன் பெயரை மட்டும் எழுது. வலது கையால் எழுது, மார்லெனி. எழுத்து எவ்வளவு கோணலாக இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

என்றும் அன்புடன்,
அதியேலா